ஒருத்தன், மூன்று விமானம்

அப்பாவின் தலையணையை மகள் தட்டிச் சரிசெய்துகொண்டிருந்தபோது அவர் கண்ணைத் திறந்து, தம்பி இப்போது எங்கே இருக்கிறான் என்று கேட்டார். காலையிலிருந்து இதே கேள்விதான். கடலைத் தாண்டிவிட்டான் என்றாள்.

அப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. மூச்சு வாங்கினாலும் குறும்புக்குக் குறைச்சலில்லை.

"உங்கம்மா இன்னும் கடல் மேல இருக்கான்னு சொன்னா. உன் வீட்டுக்காரர் இறங்கியே ஆச்சுன்னார். ஒருத்தன் எப்படிம்மா மூணு ஃப்ளைட்ல வருவான்?"

ஆளுக்கொரு பொய் சொன்னால் இப்படித்தான் ஆகும். காலமெல்லாம் தொலைதூர பஸ் ஓட்டியவரிடம் சொல்வதற்கு, மூன்று பேரும் கூடிப் பேசி ஒரே பொய்யாகச் சொல்லியிருக்கலாம்.

உண்மை வேறு. முதல் விமானம் தாமதமாகி, நடுவில் மாற வேண்டிய விமானத்தைத் தம்பி கோட்டை விட்டிருந்தான். பன்னிரண்டாயிரம் கிலோமீட்டரில் பாதியைக் கடந்து, அந்த ஏர்போர்ட்டில் உட்கார்ந்திருக்கிறான். இனி வந்து சேர நாளைக் காலை ஆகிவிடும். டாக்டரோ இன்று ராத்திரி தாண்டுவதே கஷ்டம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். தம்பி வரும்வரை இந்த மனிதர் இருந்தால் போதும், அவளுக்கு வேறொன்றும் வேண்டாம்.

மறைத்துப் பிரயோஜனமில்லை என்று, தம்பி விமானத்தைத் தவறவிட்டதை அப்பாவிடம் சொல்லிவிட்டாள். அப்பா நிம்மதியானார். இத்தனை தூரம் அந்த டிரைவர்கள் ஒரு டீக்குக்கூட நிறுத்தாமல் ஓட்டுகிறார்களே என்றுதான் இவ்வளவு நேரமும் கவலையாம். டிரைவர் இல்லை, பைலட் என்று அவள் திருத்தினாள். வண்டி ஓட்டுகிறவன் எல்லாம் டிரைவர்தான் என்று தீர்ப்பு வந்தது.

போனை அவர் காதில் வைத்தாள். ஓடியும் கதவை மூடிவிட்டார்கள் என்று தம்பி உடைந்த குரலில் ஆரம்பித்தான். அப்பா தடுத்தார்.

"இப்ப சொல்லாத, பாதி காதுல விழல. நேர்ல வந்து, கிளம்புனதுலேருந்து ஒண்ணு விடாம சொல்லு. நிதானமா வா. நான் எங்க போகப் போறேன்?"

அம்மா சிரித்துவிட்டாள். சிரித்தபடியே எழுந்து அடுக்களைக்குப் போய் அழுதாள்.

விளக்குப் போடும் நேரத்தில் அப்பா தூக்கத்திலேயே போய்விட்டார். கதவை மூடியவர்கள் மேல் மகளுக்குக் கோபம் வந்தது. முகம் தெரியாதவர்களை எவ்வளவு நேரம் திட்டுவது என்று பிறகு அழுதாள்.

காலையில் தம்பி வந்தான். தோள்பையைக்கூட இறக்காமல் அப்பாவின் அருகில் உட்கார்ந்தான். கதறப் போகிறான் என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு சொல்லத் தொடங்கினான். வீட்டைப் பூட்டியது, பாஸ்போர்ட்டுக்காகத் திரும்ப ஓடியது, டாக்ஸிக்காரர் வழி தவறியது, பக்கத்து சீட்டுக்காரர் இவன் தோளில் சாய்ந்து குறட்டை விட்டது. குறட்டைக்கு அக்காவே சிரித்துவிட்டாள்.

அப்பாவைக் கொண்டுபோகிற வண்டி வாசலில் வந்து நின்றது. அவள் கணவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, நேரமாகிறது என்று மாமியாரிடம் மெல்லச் சொன்னார்.

"இருங்க மாப்பிள்ளை," என்றாள் அம்மா. "அவன் இன்னும் பாதி தூரம்கூட வரல."

அவர் வெளியே போய், வண்டிக்காரரிடம் இன்ஜினை அணைக்கச் சொன்னார்.