தண்ணீர் ஏறாத வீடு

"ஊரே முழுகிப் போச்சு. இந்த ஒரு வீட்டுல மட்டும் ஏன் தண்ணி ஏறல? கடலுக்கு அந்த வீட்டுக்காரன் என்ன மாமனா, மச்சானா?"

குசுமி சென்செய் தாளைத் தூக்கிச் சன்னல் வெளிச்சத்தில் காட்டினார். மங்கா என்கிற ஜப்பானியப் படக்கதை வரைகிறவரை சென்தாய் நகரத்தில் சென்செய் என்றுதான் கூப்பிடுவார்கள். முகங்கள் மட்டும் அவர் வரைவார். வீடு, விண்கப்பல், கடல், இடிபாடு எல்லாம் உதவியாளர் சிகுசாவின் கை.

"விட்டுப் போச்சுன்னு நெனச்சுக்குங்க, சென்செய்."

"யாருக்கு, உனக்கா? கூரை ஓட்டக்கூட ஒண்ணொண்ணா எண்ணி வரையிறவளுக்கு வீடே விட்டுப் போகுமா? சாயங்காலம் பக்கத்த வாங்கப் பத்திரிகைக்காரன் வந்து வாசல்ல நிப்பான். மைய எடு, கூரை வரைக்கும் ஏத்து."

அவள் தூரிகையை எடுத்தாள். மையில் தோய்த்தாள். பிறகு கீழே வைத்துவிட்டாள்.

"அது எங்க வீடு."

அவளுடைய கடலோர ஊரான கெசென்னுமாவில் சுனாமி அடித்து மூன்று வருடம் ஆகிவிட்டது. அவள் கணவன் தெத்சுரோ கிடைக்கவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து சிகுசா அழுததில்லை. மத்தியானம் தின்கிற சோற்றுருண்டையில் உப்பு இருக்கிறதா என்றுகூட அவளுக்குத் தெரிவதில்லை. வருவாள், இடிபாடு வரைவாள், போவாள்.

சென்செய்யின் குரல் இறங்கியது. "இது வேற கிரகம்மா. வேற சூரியன். கடலே பாதரசம்."

"வேற கிரகம்தானே? அப்ப அங்கயாவது அவரு இருந்துட்டுப் போகட்டுமே."

அழுகையோ கோபமோ அந்தக் குரலில் இல்லை. கடையில் விலை சொல்வது போலச் சொன்னாள்.

"படிக்கிறவங்க என்னையத் திட்டுவாங்க. வரைஞ்சவ தூங்கிட்டாளான்னு கேப்பாங்க."

"கடற்கரைக்காரங்க கேக்க மாட்டாங்க."

"கேக்காம?"

"அவங்கவங்க வீடு எங்கன்னு இதுல தேடுவாங்க."

சென்செய் தலையைச் சொறிந்தார். பக்கத்தின் ஓரத்தில் வாசகர்களுக்கு நாலு வரி எழுத ஒரு பட்டையான இடம் உண்டு. வாராவாரம் அவர் எழுதுவார். பேனாவை அவள் பக்கம் தள்ளினார்.

"வீடு அப்படியே இருக்கட்டும். இந்த வாரம் நீயே எழுது. திட்டு வந்தா பாதிப் பாதி."

சிகுசாவின் மனசுக்குள் ஒன்றும் அசையவில்லை. கை மட்டும் எழுதியது:

"அடுத்த வாரமும் கடல் ஏறும். இந்த வீட்டை மூழ்கடிக்க எனக்குக் கை வரவில்லை. உங்கள் வீட்டுக்கும் யாராவது இன்னும் திரும்பவில்லையா? வாசல் எந்தப் பக்கம், மாடியில் எத்தனை சன்னல் என்று எழுதுங்கள். அதையும் தண்ணீருக்கு மேலே வரைகிறேன். தயவுசெய்து பதில் போடுங்கள்."