கொத்தனார் சிகரெட்டை விட்ட கணக்கு

பர்யாந்தோவின் நாற்பத்தேழு வயது வாழ்க்கையில் அவரை வசமாக மாட்டிவிட்டது ஒரு கூட்டல் கணக்கு. அதைப் போட்டவன் அவருடைய மனைவியின் அண்ணன் மகன் டிமாஸ். ஜாவாவின் சோலோ நகரத்தில் வேப் என்கிற மின்சிகரெட்டுக் கடை வைத்திருக்கிறான். பெருநாளைக்கு அத்தை வீட்டுக்கு வந்தவன் கேத்துபாத் அரிசிக்கட்டியும் கோழிக்குழம்பும் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, சும்மா போகாமல் அத்தையின் செல்போனை வாங்கினான்.

"அத்தை, மாமா வாரத்துக்கு சிகரெட்டுக்கு எவ்வளவு எடுத்துக்கிறார்?"

"ஒன்றரை லட்சம்" என்றாள் ருஸ்மினி, யோசிக்கவே இல்லை. "ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட், இருபத்தஞ்சாயிரம். ஆறு நாள் வேலை. சனிக்கிழமை கூலிய என் கையில குடுக்கறப்பவே அதைக் கழிச்சிட்டுத்தான் குடுப்பார்."

"மாசத்துக்கு ஆறு லட்சம் ரூபியா! வேப்புக்கு வந்துட்டா அதுல ஊத்தற ஜூஸ் ஒரு பாட்டில் லட்சம், ரெண்டு வாரம் ஓடும். மாசத்துக்கு ரெண்டு லட்சம் போதும். மிச்சம் நாலு. மிஷின் ஒரே ஒரு தடவை ரெண்டு லட்சம். எங்கிட்டயே இருக்கு."

ருஸ்மினியின் முகத்தில் விளக்குப் போட்ட மாதிரி ஆகிவிட்டது. "அப்போ ரெண்டு மாசத்துல எட்டு. மிஷின் போக ஆறு லட்சம். பாக், ஆறு லட்சம்!" என்று கணவர் பக்கம் திரும்பினாள்.

அந்த ஆறு லட்சம் என்னவென்று பர்யாந்தோவுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கிளாத்தேன் ஊரில் அவர்கள் தெருப் பெண்கள் வருஷத்துக்கு ஒரு முறை பஸ் பிடித்து அவுலியாக்களின் அடக்கத்தலங்களுக்கு ஜியாரத் போவார்கள். நான்கு நாள் பயணம், ஆளுக்கு ஆறு லட்சம். ஓதுவது பாதி, ஊர் சுற்றுவது பாதி. கடைசி நாள் மதுரா தீவுக்குப் போகிற கடல் பாலத்தில் பஸ்ஸை ஓரங்கட்டச் சொல்லித் திட்டு வாங்குவார்கள். பாலத்தின் நடுவில் காற்று எப்படி அடித்தது, யாருடைய முக்காடு பறந்தது என்பதெல்லாம் அடுத்த ஆறு மாதத்துக்குப் பேச்சு. கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்த பத்தொன்பது வருஷத்தில் ருஸ்மினி அந்த பஸ்ஸில் ஒரு முறைகூட ஏறியதில்லை. மற்றவர்களுடைய மூட்டைகளை ஏற்றிவிட்டுக் கையசைப்பதுதான் அவள் வேலை. பக்கத்தில் நின்று பர்யாந்தோ ஒவ்வொரு வருஷமும் சொல்வார்: "கையில காசு இருந்தா உன்னை அனுப்பாம இருப்பேனா?"

அன்று சாயங்காலமே அவள் போய் இந்த வருஷ பஸ்ஸுக்குப் பெயர் கொடுத்துவிட்டாள். தெம்பே என்கிற சோயாக்கட்டி விற்றுச் சேர்த்த காசில் மிஷினையும் வாங்கிவிட்டாள்.

பர்யாந்தோ தலையாட்டினார். வேறு என்ன செய்ய முடியும்? உண்மையைச் சொல்வதானால் அந்த ஒன்றரை லட்சத்தில் ஒரு ரூபியாகூட சிகரெட்டுக்குப் போனதில்லை என்று சொல்ல வேண்டும்.

ஜாவாவில் கொத்தனாருக்குக் கூலி என்றால் காசு மட்டுமில்லை. காலை ஒன்பது மணிக்கு வீட்டுக்காரர் காபியும் வறுத்த பலகாரமும் கொண்டுவந்து வைப்பார். கூடவே ஆளுக்கு ஒரு பாக்கெட் கிராம்பு சிகரெட். சிகரெட் வராத வீட்டில் சுவர் கோணலாகத்தான் எழும்பும். இது ஊரறிந்த வழக்கம், ருஸ்மினிக்கும் தெரிந்த வழக்கம். ஆனால் பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை அவர் பெருமூச்சு விட்டுக்கொண்டு ஒரு போடு போட்டார்: "இப்பல்லாம் டவுன்ல எவனும் சிகரெட் குடுக்கறதில்ல. காலம் கெட்டுப்போச்சு. சொந்தக் காசுலதான் பிடிக்க வேண்டியிருக்கு." வேலை ஜோக்ஜா நகரத்தில், கூட வேலை செய்பவர்கள் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஆட்கள். யார் வந்து பொய்யை உடைக்கப் போகிறார்கள்? அவள் நம்பினாள். பாவம் மனுஷன் என்று பரிதாபம் வேறு பட்டாள்.

காசெல்லாம் குருவிக்குப் போனது. வீட்டு முன்னால் கூண்டில் இருக்கும் சோலைபாடி வாயைத் திறந்தால் போகிறவன் சைக்கிளை நிறுத்திக் கேட்பான். அப்படிப் பாட வேண்டுமானால் அதற்குச் சில்வண்டு வேண்டும், எறும்பு முட்டை வேண்டும், ஞாயிற்றுக்கிழமை பாட்டுப் போட்டிக்கு நுழைவுக் கட்டணமும் வேண்டும். இதற்கு முன்னால் இருந்த குருவிகளும் அப்படித்தான் தின்றன. சில்வண்டை வயலில் பிடித்தேன் என்று சொல்லிக் கடையில் வாங்கிக்கொண்டு வருவார்.

ஆக, அடுத்த சனிக்கிழமை முழுக் கூலியும் ருஸ்மினி கைக்குப் போனது. ஒன்றரை லட்சம் பிஸ்கட் டின்னுக்குள் போய் உட்கார்ந்தது. குருவி அவரைப் பார்த்தது. அவர் மூன்றே நாளில் தோற்றுப்போனார்.

"பாட்டில் தீர்ந்துபோச்சு" என்றார் செவ்வாய்க்கிழமை.

"ரெண்டு வாரம் வரும்னு சொன்னானே?"

"அவன் சின்னப் பய, மெதுவா இழுப்பான். கல்லு தூக்கறவன் மூச்சு வேற."

டின்னிலிருந்து ஒரு லட்சம் வெளியே வந்து சில்வண்டாக மாறியது. வீட்டில் மட்டும் மனைவி பார்க்க மாம்பழ வாசனைப் புகையை ஊதுவார். வேலை நடக்கும் இடத்தில் வழக்கம்போல வீட்டுக்காரர் கொடுக்கும் பாக்கெட். முதல் நான்கு வாரம் இப்படி ஜோராக ஓடியது. ருஸ்மினி டிமாஸுக்கே போன் போட்டுவிட்டாள். அவன் மறுமுனையில் சிரித்த சிரிப்பு பர்யாந்தோ காது வரைக்கும் கேட்டது.

"அத்தை, மாமா அதை இழுக்கிறாரா, குடிக்கிறாரா?"

அப்போது அவர் வேலை செய்துகொண்டிருந்தது பு ஹர்யாத்தி, அதாவது ஹர்யாத்தி அம்மா வீட்டில். ஓய்வு பெற்ற தலைமையாசிரியை, நறுக்கென்று பேசுகிறவர். ஒரு வெள்ளிக்கிழமை ருஸ்மினி அக்கறையாக வேப்பைக் கணவருடைய சோற்றுப் பைக்குள் வைத்து அனுப்பிவிட்டாள். கூட்டாளி சரிமின் அதைக் கண்டுபிடித்து, ஒரு இழுப்பு இழுத்து, பாதிச் சுவர் மறையும்படி புகை விட்டான்.

"யோவ், என்னய்யா இது, உள்ள பழக்கடை வெச்சிருக்கியா?"

சரியாக அந்த நேரத்தில் காபித் தட்டோடு பு ஹர்யாத்தி வந்தார். மூக்கைச் சுருக்கினார். "மாம்பழ வாசனை எங்கேர்ந்து வருது?"

சரிமினுக்குக் கிண்டல் பண்ண ஒரு வாய்ப்பு போதாதா? "பாக் பர் சிகரெட்டையே விட்டுட்டார், பு! இனிமே இதுதான்!"

"அப்படியா பாக் பர்? நிஜமாவா?" அந்த அம்மாள் முகம் மலர்ந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் முதல் மதிப்பெண் வாங்கிய பையனைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்தார். "ரொம்ப நல்ல காரியம் பண்ணியிருக்கீங்க. நானே உங்க கைக்கு விஷத்தைக் குடுக்கக் கூடாது."

பர்யாந்தோவுக்கென்று வைத்த பாக்கெட்டை எடுத்துத் தட்டிலேயே திரும்ப வைத்துக்கொண்டார். "இல்லம்மா, இவன் விளையாட்டுக்குச் சொல்றான்" என்று ஒரே ஒரு வாக்கியம் போதும். ஆனால் பெரியவர் ஒருவர் வாய் நிறையப் பாராட்டும்போது அதை மறுத்துப் பேசுகிற ஜாவாக்காரன் இன்னும் பிறக்கவில்லை. "ஆமா, பு. நன்றி, பு" என்று குனிந்து சொன்னார். பாக்கெட் சமையலறைக்குள் போய் மறைகிற வரைக்கும் அவர் கண் அதன் பின்னாலேயே போனது. மறுநாளும் வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை.

இப்போதுதான் மனுஷனுக்கு உண்மையிலேயே வேப் தேவைப்பட்டது. வெறி பிடித்த மாதிரி இழுத்தார். சுற்றியிருந்தவர்களும் "ஒரே ஒரு இழுப்பு, பர்" என்று வாங்கி இழுத்தார்கள். உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் கருகி, வாயில் தீய்ந்த சோற்று வாசனை அடித்தது. புதுச் சுருளுக்குக் காசு, பாட்டிலுக்குக் காசு, குருவிக்குக் காசு. ஓசியில் புகை விட்டுக்கொண்டிருந்தவர் ஊரிலேயே செலவு அதிகம் செய்து புகை விடுபவராகிவிட்டார். சனிக்கிழமை டின்னுக்குள் போன பணம் வியாழக்கிழமைக்குள் கிட்டத்தட்ட காலி.

எட்டாவது வாரம் வெள்ளிக்கிழமை. அன்று இரவுக்குள் பஸ்ஸுக்குப் பணம் கட்டியாக வேண்டும். வேலை முந்தின நாளோடு முடிந்துவிட்டதால் பர்யாந்தோ வீட்டில் இருந்தார். ருஸ்மினி டின்னைத் தரையில் கவிழ்த்தாள். நாற்பதாயிரம் இருந்தது.

"சரி, விடுங்க" என்றாள். "சிகரெட்டை விட இதுதான் அதிகமா திங்குது. டிமாஸ் சொன்னது கடைக்காரன் கணக்கு. நான் போய்ப் பேரை எடுத்துடச் சொல்லிட்டு வரேன்."

அவள் அழவில்லை. ஏதாவது கத்தியிருந்தால்கூட அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். பயணத்துக்கென்று தேய்த்து வைத்திருந்த முக்காட்டைத் தலையில் போட்டுக்கொண்டு அவள் கண்ணாடி பார்த்தபோது பர்யாந்தோ கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். வெட்கமாக இருந்தது. சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தார். அதற்குள் வாசலில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது.

பு ஹர்யாத்தி. கையில் ஒரு கவர்.

"வீட்டுல இருக்கீங்களா? நல்லதாப் போச்சு" என்று உள்ளே வந்து உட்கார்ந்தவர், கவரை ருஸ்மினியிடம் நீட்டினார். "இது உங்க கையிலதான் குடுக்கணும், பு. ஆம்பிளைங்க கையில குடுத்தா வழியிலேயே கரைஞ்சிடும். ஆறு லட்சம் இருக்கு."

"எதுக்கு, பு? கூலிதான் குடுத்துட்டீங்களே?"

"இருபத்துநாலு பாக்கெட்டு. வேலை செய்யறவங்களுக்குக் காபியோட தினமும் ஆளுக்கு ஒண்ணு குடுப்பேன் இல்லையா? பாக் பர் நாலு வாரத்துக்கு முன்னால சிகரெட்டை விட்டுட்டார். அவர் நல்லவரா ஆனதுக்கு நான் லாபம் பார்க்கலாமா? அது அவருக்குச் சேர வேண்டியது."

ருஸ்மினி கவரைப் பார்த்தாள். பிறகு கணவனைப் பார்த்தாள். "தினமும் குடுப்பீங்களா?"

"தினமும்தான். குடுக்காத வீட்டுக்கு எந்தக் கொத்தனார் வருவார்? டவுன்ல எல்லா வீட்டுலயும் அதானே வழக்கம்?"

"ஆமா, பு. அதானே வழக்கம்" என்றாள் ருஸ்மினி. தேநீர் போட்டுக் கொடுத்தாள், சிரித்தாள், வாசல் வரை போய் வழியனுப்பினாள். பர்யாந்தோ உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை.

திரும்பி வந்தவள் கேட்டாள்: "எங்க போச்சு அந்தக் காசெல்லாம்?"

அவர் கை கூண்டைக் காட்டியது. கூண்டுக்குள் இருந்தது நேரம் காலம் தெரியாமல் அருமையாக ஒரு ராகம் இழுத்தது.

"வயல்ல பிடிச்சதுன்னு சொன்னீங்களே அந்தச் சில்வண்டு?"

"கடையில வாங்கினது."

"மழையே இல்லாத வருஷத்துல வயல்ல ஏது இத்தனைன்னு நானும் நினைச்சேன். நினைச்சிட்டு, மனுஷன் வெயில்ல அலைஞ்சு பிடிச்சிட்டு வரார்னு உங்களுக்கு இளநி வெட்டிக் குடுத்தேன்." அவள் குரல் இப்போதுதான் உடைந்தது. "குருவி வளர்த்ததுக்குக் கோபமில்ல, பாக். வருஷா வருஷம் பஸ் பக்கத்துல நின்னுக்கிட்டு, காசு இருந்தா அனுப்பாம இருப்பேனான்னு சொன்னீங்களே. அந்த வாரம்கூட அந்த ஒன்றரை லட்சம் உங்க சட்டைப் பையிலதானே இருந்துச்சு?"

இருந்தது.

"எத்தனை வருஷமா?"

அவர் குருவியைப் பார்த்தார். ருஸ்மினி கண்ணைத் துடைத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள். "எழுந்திரிங்க. பணம் கட்டப் போறோம்."

தெருக் கடைசியில் பு தர்மி வீட்டில்தான் பஸ் நோட்டு. பணம் கட்ட வந்த பெண்கள் ஒன்பது பேர் கூடத்தில் உட்கார்ந்து கடலை கொறித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு ஆண்பிள்ளை உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றது. ருஸ்மினி ஆறு லட்சத்தை எண்ணி வைத்தாள்.

"ஜன்னல் ஓரம்" என்றாள்.

"குடுத்துட்டாப் போச்சு" என்றார் பு தர்மி சிரித்துக்கொண்டே. "பத்தொன்பது வருஷம் காத்திருந்தவளாச்சே. பாக் பர் சிகரெட்டை விட்டது நல்லா மிச்சம் பண்ணிக் குடுத்திருக்கு போல!"

"ரொம்ப மிச்சம். அதனால அடுத்த வருஷத்துக்கும் என் பேரை இப்பவே எழுதிக்குங்க. அதுக்கு அடுத்ததுக்கும்."

"பணம்?"

"வாரா வாரம் வரும். இனிமே என் கையாலதான் வரும்."

"இப்படி எத்தனை வருஷத்துக்கும்மா எழுதறது?"

"அவரைக் கேளுங்க. அவருக்குத்தான் தெரியும்."

பத்து ஜோடிக் கண்கள் பர்யாந்தோ பக்கம் திரும்பின. கூண்டில் இருக்கும் குருவிக்கு மூன்று வயது. மூன்று என்று சொன்னால் அவள் நம்பிவிடுவாள். ஐந்து என்றால் நேர்மையானவர் என்றுகூட நினைத்துக்கொள்வாள். எதைச் சொன்னாலும் நம்புகிறவளாகத்தான் அவள் இத்தனை காலமும் இருந்திருக்கிறாள். இப்போதும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

"பதினொண்ணு" என்றார் பர்யாந்தோ.

பு தர்மி நோட்டைப் புரட்டி, புதுப் பக்கத்தில் பதினோரு வருஷத்தை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ருஸ்மினி, ருஸ்மினி என்று நிரப்பிக்கொண்டே போனார்.