மூன்றாவது நோட்டு

1972 ஆனியில் கடுவங்கரைக் கிராமத்தின் 212ஆம் புலத்துக்கு மடை திறந்தபோது, அந்த வயலோடு உறவுள்ள அத்தனை பேருக்கும் அவரவர் இருந்த இடத்திலேயே கால் நனைந்தது. நிலச் சொந்தக்காரர் நாகநாதனுக்குத் தஞ்சாவூர் ஓட்டலில், குத்தகைக்காரர் கண்ணுசாமிக்கு வேதாரண்யம் பஸ்ஸில், கண்ணுசாமியின் தம்பி மனைவி காத்தாயிக்குத் தாலுகா அலுவலகத்தில். கண்ணுசாமியின் செருப்பில் ஒரு வயல் நண்டும் இருந்தது. கண்டக்டர் அதற்கு டிக்கெட் கேட்கவில்லை.

காத்தாயி மனுவோடு வந்திருந்தாள். புருஷன் மருதையன் இறந்ததிலிருந்து 212இல் பாதியை அவள்தான் பயிரிட்டாள். 87ஆம் புலத்தில் வீரையனோடு கூட்டுக் குத்தகை. குத்தகைதாரர்களைப் பதிவு செய்யச் சட்டம் வந்திருந்தது. ஆனி முடிவதற்குள் பேர் ஏறாவிட்டால் அவளை இரண்டு வயலிலிருந்தும் இறக்கிவிடலாம். அச்சடித்த பாரத்திலோ ஒரு புலத்துக்கு ஒரு கட்டம், ஒரு கட்டத்துக்கு ஒரு பேர். அந்த இரண்டு கட்டங்களிலும் கண்ணுசாமியும் வீரையனும் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள்.

தற்காலிகக் குமாஸ்தா மங்களாம்பிகை 212ஐ இரண்டு வரியாக எழுதிப் பார்த்தாள். கூட்டினால் கிராமம் நான்கு ஏக்கர் வளர்ந்திருந்தது. பிறகு காத்தாயியை இரண்டு புலத்திலும் எழுதினாள். ஒன்றில் காத்தாயி, மற்றதில் காத்தாயம்மாள் என்று விழுந்துவிட, தாசில்தார் இராஜாங்கம் இரண்டு பெண்களையும் நேரில் வரச் சொன்னார்.

"ஒருத்தி வந்திருக்கேங்க. இன்னொருத்தி நாத்து பறிக்கப் போயிட்டா" என்றாள் காத்தாயி.

மங்களாம்பிகை சிரித்துக்கொண்டே அவள் கால்களைப் பார்த்தாள். 87க்கும் அன்றுதான் தண்ணீர் பாய்ந்திருந்தது. வலது காலில் 212இன் கரிசல் சேறு, இடது காலில் 87இன் வண்டல். மங்களாம்பிகைக்கு உடம்பு சிலிர்த்தது. பெண் ஒருத்தி, வயல் இரண்டு. உறவு பெண்ணிடமும் இல்லை, வயலிடமும் இல்லை, இரண்டுக்கும் நடுவே ஈரமாக இருக்கிறது. அந்த நடுவுக்குத்தான் பாரத்தில் இடமே இல்லை! மதியச் சாப்பாட்டை மறந்து, ஒற்றைச் செருப்போடு கடைத்தெருவுக்கு ஓடி மூன்று நோட்டுகள் வாங்கி வந்தாள். முதல் நோட்டில் ஒவ்வொரு வயலும் ஒரே முறை. இரண்டாவதில் ஒவ்வொரு மனிதரும் ஒரே முறை, ஓர் எண்ணோடு. மூன்றாவது மெல்லிய நோட்டில், வரிக்கு ஒரு வயல் எண், ஓர் ஆள் எண், சொந்தமா குத்தகையா என்று ஒரு சொல். ஒரே வாரத்தில் ஊரே அதற்குள் அடங்கியது. ஒரு சென்ட் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"மூணாவது நோட்டுல பேரே இல்லையேம்மா?" என்றார் தாசில்தார்.

"பேரு அங்க இருக்குங்க ஐயா, நெலம் இங்க இருக்கு. இதுல உறவு மட்டுந்தான்."

"எம் பாடு ரெண்டு நம்பருல அடங்கிருச்சா?" என்றாள் காத்தாயி.

"அடங்கிருச்சு அக்கா. இனி எத்தன பேரு வந்தாலும் வரிதான் கூடும். ஒன்னை யாரும் நெருக்கித் தள்ள முடியாது."

ஆனி கடைசி நாள் விசாரணை. காத்தாயிக்கும் 212க்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்ல நாகநாதன் வந்திருந்தார். அவர் வாய் திறந்த நேரத்தில் ஊரில் மடை திறந்தது. அவருடைய வெள்ளை வேட்டியின் கரை நனைந்தது. எதிரே காத்தாயியின் கால் நனைந்தது. அதே கரிசல் சேறு, ஒரே உயரத்தில். அவர் இரண்டு காலையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தோளிலிருந்த துண்டை எடுத்து, தன் காலைத் துடைக்காமல், அவளிடம் நீட்டினார்.

"தொடச்சுக்கம்மா. ஆட்சேபணை இல்லன்னு எழுதிக்குங்க, தாசில்தார் சார்."

துண்டு நீட்டுவதற்கும் ஆண்டவன் ஒரு கையைத் தேடிக்கொள்கிறான். மூன்றாவது நோட்டில் அவளுடைய இரண்டு வரிகளும் நிலைத்தன.

காத்தாயி இருபத்தாறு போகம் அறுத்தாள். 1999இல் அலுவலகத்துக்குக் கணினி வந்தபோது, பொறியாளர்கள் உறவுகளை அட்டவணையாக்க மூன்று மாதம் கேட்டிருந்தார்கள். மங்களாம்பிகையின் நோட்டுகளைப் பார்த்துவிட்டு, மூன்றையும் மூன்று அட்டவணைகளாக அப்படியே ஏற்றி, நாலாம் நாள் ஊருக்குப் போய்விட்டார்கள். அலுவலகக் கவுண்டருக்கு முன்னால் கால் துடைக்க ஒரு கோணிச்சாக்கு போட்டிருக்கிறார்கள். ஆனி மாதத்தில் மட்டும் இரண்டு.