படிக்கட்டில் பதினெட்டு நிமிடம்

அவள் கைப்பையைக் கீழே வைக்கக்கூட இல்லை, மாமியார் கேட்டுவிட்டாள்.

“பதினெட்டு நிமிஷம் லேட்டு. எங்க போயிருந்த?”

“எங்கயும் போகல அத்தை. ஆபீஸ் படிக்கட்டுல உட்கார்ந்திருந்தேன்.”

“யார் கூட?”

“தனியாத்தான்.”

சோபாவில் கிடந்த கணவன் கைபேசியைத் தூக்கிக் காட்டினான். “பொய் சொல்லலம்மா. மேப்புல இவ புள்ளி ஆபீஸ்லயேதான் நின்னிருக்கு.” மனைவிக்காகப் பரிந்து பேசிவிட்ட பெருமை அவன் முகத்தில்.

அவளுக்குக் கோபம்கூட வரவில்லை, மனசு மரத்துப்போயிருந்தது. போன் வைத்திருப்பவர் எங்கே இருக்கிறார் என்று இன்னொருவர் போனில் புள்ளியாகக் காட்டும் அந்தச் செயலியை எழுதியதே அவள்தான். குழந்தைகளின் பாதுகாப்புக்கு என்றுதான் ஆரம்பித்தார்கள்; வாங்கியவர்களில் பாதிப்பேர் புருஷன்மார்கள். திரைக்குப் பின்னால் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டே இருக்கும். மூடினால் தானே எழுந்துகொள்ளும். போனை அணைத்துப் போட்டால்கூட, மறுபடி போடும்போது ‘விழித்துவிட்டேன்’ என்று போன் எல்லாச் செயலிகளுக்கும் அறிவிக்குமே, அதைக் கேட்டு முதல் ஆளாக வந்து உட்காரும். அதற்காக அலுவலகத்தில் அவளுக்குக் கைதட்டினார்கள். கல்யாணமான மறுவாரமே கணவன் அதை அவள் போனில் ஏற்றினான். “நீ எழுதினதுதானே, உனக்கென்ன பயம்?” என்றான்.

மறுநாள் காலை மேலாளர் அவள் மேசைக்கு வந்தார்.

“புகார் மேல புகார்மா. ஆப் ஓடுறப்ப போன் மேல் ஓரத்துல சின்னம் தெரியுதாம். பொண்டாட்டிங்க பார்த்துட்டு சண்டைக்கு வராங்களாம். அதை மறைச்சுடு. மத்தியானத்துக்குள்ள எல்லாருக்கும் அப்டேட் போயிடணும்.”

“யாராவது சரிபார்க்க வேண்டாமா சார்?”

“நீ எழுதினா சரியாத்தான் இருக்கும்.”

அவள் சின்னத்தை மறைக்கவில்லை. புதிதாக ஒன்றைச் சேர்த்தாள். இனி யாராவது புள்ளியைப் பார்த்தால், பார்க்கப்படுகிறவரின் போனுக்குச் செய்தி போகும்: பார்த்தது யார், இன்று எத்தனையாவது முறை. வேலை போய்விடும் என்று தெரியும். தெரிந்தேதான் அனுப்பினாள்.

அன்று நேரத்தோடு வீடு திரும்பினாள். கட்டிக்கொடுத்த மகளிடமிருந்து மாமியாருக்கு அழைப்பு வந்தது. மாமியார் வழக்கம்போல் ஸ்பீக்கரில் போட்டாள்.

“அம்மா, எனக்கு என்னமோ சேதி வருது. உங்க மாப்பிள்ளை இன்னிக்கு என்னை நாப்பத்தோரு தடவை பார்த்திருக்காராம். மேல ஒரு சின்னம் இருந்துச்சு, என்னன்னு தெரியாம இத்தனை நாளா விட்டுட்டேன்மா.”

மாமியார் கொதித்துப்போனாள். “என் பொண்ணையா? அவ என்ன திருடியா? எந்தப் படுபாவிடா இதை எழுதினது?”

கணவன் தன் கைபேசியை மெல்லக் கவிழ்த்து வைத்தான்.

“நான்தான் அத்தை,” என்றாள் மருமகள். தன் போனை மாமியார் முன்னால் வைத்தாள். அதில் கணவன் பெயர் இருந்தது, பக்கத்தில் ஐம்பத்தேழு.

மாமியார் அதைப் பார்த்தாள். மகனைப் பார்த்தாள். “அது வேற, இது வேற,” என்றாள்.

“என்னம்மா வேற?” என்று கேட்டது போனிலிருந்து மகளின் குரல்.