பின்சீட்டில் ஒரு சாண்

சீட்டக்காவுக்கு வயிற்றெரிச்சல். சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடலாம், ஏனென்றால் அவளே அதை மூடி மறைக்கிறவள் இல்லை. சாகசக் குழுவின் பைக்குகளுக்கெல்லாம் சீட் தைப்பது அவள்தான், அதனால் எல்லாருக்கும் அவள் சீட்டக்கா. அந்தக் குழுவில் முன்சக்கரத்தைத் தூக்கி வீலிங் செய்கிற மாஸ்டர் அவளுடைய வீட்டுக்காரர். மாஸ்டருக்குப் பின்னால் இப்போது உட்காருகிறவள் தக்கை. இருபத்து மூன்று வயது, நாற்பத்து நாலு கிலோ. பெயருக்கேற்ற உடம்பு.

மூன்று வருடம் முன்பு வரை அந்தப் பின்சீட் சீட்டக்காவுடையது. மாஸ்டர் ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் முன்சக்கரம் ஆளுயரத்துக்குக் கிளம்பும். இவள் அவர் முதுகில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு ஒரு கையை மட்டும் விரித்துக் காட்டுவாள். கூட்டம் தொண்டை கிழியக் கத்தும். இரண்டாவது குழந்தை பிறந்து எட்டு மாதம் கழித்துத் திரும்பி வந்து ஏறினாள். எடுத்த எடுப்பிலேயே சக்கரம் நினைத்ததைவிட வேகமாகக் கிளம்பிவிட்டது. மாஸ்டர் பின்பிரேக்கை மிதித்து எப்படியோ கீழே இறக்கினார். இறங்கியபோது அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"பின்னாடி வெயிட் ஏறிடுச்சு," என்றார்.

வேறு யாராவது சொல்லியிருந்தால் அன்றைக்கே அவர்களை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள். கட்டியவர் சொன்னதால் வாயை மூடிக்கொண்டு போய், பக்கத்து பார்சல் ஆபீஸ் தராசில் யாருக்கும் தெரியாமல் ஏறிப் பார்த்தாள். அறுபத்தொன்பது. தராசு சரியில்லை என்று பார்சல்காரரிடம் அரை மணி நேரம் சண்டை போட்டதில் ஊருக்கே தெரிந்துபோனது.

அதற்குப் பிறகு ஓரமாகத் தகரம் அடித்த அறையும் தையல் மெஷினும் அவளுக்கு என்றாயிற்று. அது கூடப் பரவாயில்லை, பின்சீட் காலியாகத்தான் கிடந்தது. மூன்று மாதம் முன்பு தக்கை வந்தாள். முதல் நாள் ஒத்திகையில் அந்தப் பெண் மாஸ்டரின் இடுப்பைச் சுற்றிக் கையைக் கோத்து, கன்னத்தை அவர் முதுகில் வைத்து அழுத்திக்கொண்டதைப் பார்த்தாள் பாருங்கள், அடிவயிற்றில் யாரோ நெருப்பை அள்ளிக் கொட்டிய மாதிரி இருந்தது.

ஷெட்டில் ஏழெட்டுப் பேர் நிற்கும்போதே கத்தினாள். "அது என்னங்க, அப்படி ஈஷிக்கிட்டு உக்காரணும்னு ஏதாவது சட்டமா?"

"ஒட்டி உக்காரலேன்னா வண்டி மல்லாந்துடும். உனக்குத் தெரியாததா?"

தெரியும். அதுதான் கொடுமை. பின்னால் இருக்கிறவர் இடுப்பை முன்னால் தள்ளி, ஓட்டுகிறவரின் முதுகோடு ஒட்டிக்கொண்டால்தான் இரண்டு உடம்பும் ஒரே உடம்பு மாதிரி நிற்கும். ஒரு சாண் பின்னால் நகர்ந்தால் எடை பின்சக்கரத்தின் அச்சைத் தாண்டிப் போய்விடும், முன்பக்கம் லேசாகிவிடும். முறுக்கின அதே முறுக்குக்குச் சக்கரம் விருட்டென்று எழும்பும். கால் பிரேக்கைத் தேடுவதற்குள் கண்ணுக்கு நேரே வானம் வந்துவிடும். புதிதாக வருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்ததே அவள்தான். ஆனால் இதெல்லாம் மூளைக்குத் தெரிந்த விஷயம். வயிறு எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனது?

"ஒரு சாண் தள்ளி உக்காரச் சொல்லுங்க. இல்லேன்னா என்கூடப் பேசவே பேசாதீங்க!"

மாஸ்டர் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். தக்கை தலையைக் குனிந்துகொண்டாள். அன்றிலிருந்து சீட்டக்கா ஒத்திகை மைதானத்தின் பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை. பார்த்தால்தானே வயிறு எரியும் என்று நினைத்தாள். பார்க்காவிட்டால் இரட்டிப்பாக எரியும் என்பது பிறகுதான் தெரிந்தது.

தினமும் மாஸ்டர் கழற்றிப் போடுகிற ஜாக்கெட்டைப் போலீஸ்காரி மாதிரி புரட்டிப் பார்ப்பாள். அவள் பின்சீட்டில் இருந்த காலத்தில், அவள் அணைத்திருந்த இடம் மட்டும் தூசி படாமல் சுத்தமாக இருக்கும். இப்போதோ முதுகு முழுக்க ஒரே சீராகத் தூசி. யாராவது நியாயமாக யோசிப்பவர்களாக இருந்தால் வேறு மாதிரி யோசித்திருப்பார்கள். இவள் என்ன நினைத்தாள் தெரியுமா? 'எனக்குத் தெரியக் கூடாதுன்னு மண்ணை வாரிப் பூசிக்கிட்டு வர்றாரு.' வேண்டுமென்றே ஜாக்கெட்டைத் துவைக்காமல் விட்டாள்.

வியாழக்கிழமை காலை பத்து மணி இருக்கும். மைதானத்தில் டமாரென்று ஒரு சத்தம். பிறகு யாரோ ஓடுகிற சத்தம். சீட்டக்கா கத்தரிக்கோலோடு வாசலுக்கு வந்தபோது மாஸ்டர் பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்தார். சீட்டின் பின்பக்கம் கிழிந்து தொங்கியது. அவருக்குப் பின்னால் தக்கை ஒரு முழங்கையைப் பிடித்தபடி நொண்டி நொண்டி நடந்து வந்தாள்.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. லேசா சறுக்கிடுச்சு. சனிக்கிழமை ஷோ இருக்கு, சீட்டை மட்டும் தைச்சுக் கொடுத்துடு," என்று மாஸ்டர் மென்று விழுங்கினார். சீட்டைக் கழற்றி அவளுடைய மேஜைமேல் வைத்துவிட்டு முகத்தைப் பார்க்காமல் நகர்ந்தார்.

மனுஷன் பொய் சொல்லலாம், பூசி மெழுகலாம். மூன்று மாதம் முன்பு அவளே புதிதாகப் போட்ட ஃபோம் பொய் சொல்லாது என்று அவளுக்குத் தெரியும். யார் எங்கே உட்கார்ந்தார்கள், எவ்வளவு அழுத்தி உட்கார்ந்தார்கள் என்று அதைத் திறந்து பார்த்தாலே தெரிந்துவிடும். இதோ, இன்றைக்கு எல்லாம் வெளியே வரப் போகிறது. அறைக் கதவைச் சாத்தினாள். அழுகை வந்தால் துடைத்துக்கொள்ள ஒரு துணியைக்கூடப் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொண்டாள். அடியில் இருந்த ஸ்டேப்ளர் பின்களை ஸ்க்ரூடிரைவரால் ஒவ்வொன்றாக நெம்பி எடுத்து ரெக்சினை உரித்தாள்.

முன்னால் ஒரு பள்ளம். அது மாஸ்டருடையது. அதை இருட்டிலும் தடவிச் சொல்லிவிடுவாள். அதை ஒட்டியே இன்னொரு பள்ளம் இருக்கும், இரண்டும் ஒன்றோடு ஒன்று கலந்திருக்கும் என்று எதிர்பார்த்தாள். இல்லை. அந்த இடத்தில் ஃபோம் புதுசு போலப் பொம்மென்று இருந்தது. கையை விரித்து வைத்துப் பார்த்தாள். கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல் வரை, சரியாக ஒரு சாண். அதற்கும் பின்னால், சீட் முடிகிற விளிம்பில், சின்னதாக ஒரு பள்ளம்.

முதலில் வந்தது சந்தோஷம்தான். ஐயோ, அப்படி ஒரு சந்தோஷம்! அவர்கள் ஒட்டவே இல்லை. அந்த முதல் நாளுக்குப் பிறகு ஒரு நாள்கூட ஒட்டவில்லை. தனியாக நின்றபடி சிரித்தாள். சிரித்துக்கொண்டே கையை எடுத்தவளுக்கு அந்த விளிம்புப் பள்ளம் எங்கே இருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. அச்சுக்குப் பின்னால். நன்றாகப் பின்னால். மூன்று மாதமாக ஒவ்வொரு ஒத்திகையிலும் மாஸ்டர் அந்தப் பெண்ணை அங்கே வைத்துக்கொண்டு சக்கரத்தைத் தூக்கியிருக்கிறார். இன்றைக்கு வண்டி சறுக்கவில்லை, மல்லாந்திருக்கிறது.

கதவைத் திறந்து, வெளியே முழங்கையில் ஐஸ் வைத்துக்கொண்டிருந்த தக்கையைக் கூப்பிட்டாள்.

"யாருடி உன்னை இவ்ளோ பின்னாடி உக்காரச் சொன்னது?"

தக்கை திறந்து கிடந்த சீட்டைப் பார்த்தாள். "மாஸ்டர்தான்கா. அக்கா மனசு நோகக் கூடாது, ஒரு சாண் தள்ளி உக்காருன்னாரு. நான் பின்கம்பியப் பிடிச்சுக்குவேன்."

"பயமா இல்லையா உனக்கு?"

"இருந்துச்சு. தினமும்தான் இருந்துச்சு. நீங்க என்னை ஏற்கெனவே கரிச்சுக் கொட்டுறீங்க, ஒட்டி உக்காந்தா வேலையும் போயிடும்னு பேசாம இருந்துட்டேன்."

அப்படியென்றால் இரண்டு பேரும் சேர்ந்து என்னைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள் என்று சுருக்கென்று குத்தியது. இந்த நேரத்திலும் குத்தியது! சீ, நானும் ஒரு பொம்பளையா என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

"ஏங்க! இங்க வாங்க. பைக்கை ஸ்டாண்டு போடுங்க."

மாஸ்டர் வந்தார். கிழிந்த சீட்டை ரெக்சின் இல்லாமலே பைக்கில் பொருத்தி, ஏறி உட்காரச் சொன்னாள். ஏறினார். பின்னால் தக்கையை ஏற்றினாள். தக்கை பழக்கதோஷத்தில் விளிம்புக்குப் போனாள்.

"முன்னாடி வா."

ஒரு விரல் அளவு வந்தாள்.

"இன்னும் வா."

"அக்கா, பரவாயில்லக்கா..."

"வாடின்றேன்ல!" சீட்டக்கா தன் உள்ளங்கையை அந்தப் பெண்ணின் இடுப்பில் வைத்து முன்னால் தள்ளினாள். மாஸ்டரின் முதுகில் அவள் முட்டினாள். இன்னும் தள்ளினாள். "கன்னத்தை வை. கையைக் கோத்துக்கோ. இப்படியா கோக்குறது, இறுக்கிப் பிடி." தக்கையின் கைகளை இழுத்து, தன் வீட்டுக்காரரின் வயிற்றின் மேல் தானே கோத்துவிட்டாள். மாஸ்டர் வாத்தியாரிடம் மாட்டிய பையன் மாதிரி ஹேண்டில்பாரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முதுகில் எந்த எலும்பு கன்னத்தில் இடிக்கும், எஞ்சின் சூடேறும்போது அங்கே என்ன வாசம் வரும் என்பதெல்லாம் சீட்டக்காவுக்குத் தெரியும். வயிறு தீயாய் எரிந்தது. எரியட்டும் என்று விட்டாள். குனிந்து, தக்கையின் இடுப்புக்குப் பின்னால் ஃபோமின் மேல் சாக்பீஸால் ஒரு கோடு போட்டாள்.

அந்தக் கோட்டுக்குப் பின்னால் மூன்று விரல் உயரத்துக்கு ஃபோமை ஒட்டி மேடு கட்டினாள். ஏறி உட்கார்ந்தால் யாரும் பின்னால் நகர முடியாது, உடம்பு தானாக முன்னால் சரியும். மதியம் சாப்பிடக்கூட எழவில்லை. புது ரெக்சினை வெட்டித் தைத்து, இழுத்துப் பிடித்து ஸ்டேப்ளர் பின் அடிக்க ஆரம்பித்தபோது மாஸ்டர் வாசலில் வந்து நின்றார்.

"சனிக்கிழமை ஷோவுக்கு வர்றியா?"

"வரல," என்றாள் நிமிராமல். "பாத்தா எனக்கு வயிறு எரியும்."

அவர் அங்கேயே நின்றார். அவள் அடுத்த பின்னை அடித்தாள், அதற்கடுத்ததையும் அடித்தாள்.

"அவளை நல்லா ஒட்டி உக்காரச் சொல்லுங்க."