தோள்கூலி

பாடையின் மூங்கிலை நான்கு மூலையிலும் ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு, கோதண்டராமன் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். தெரு காலியாக இருந்தது.

"மூணு தோள்தான் கீது, அண்ணி" என்றார்.

வசந்தா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். மகள் கீர்த்தனாவின் மடியில் இருந்த அம்மாவின் போன் அந்த நேரம் பார்த்துச் சிணுங்கியது. இன்னொரு வீட்டிலிருந்து ஐநூறு ரூபாய். காலையிலிருந்து சிணுங்கிக்கொண்டேதான் இருந்தது. செத்துப்போன நைனாவுக்குப் பிறந்தநாள் வாழ்த்து வருவதைப் போல இருந்தது அவளுக்கு.

அச்சரப்பாக்கத்திலிருந்து நாலு கிலோமீட்டர் உள்ளே இருக்கும் அந்த ஊரில், ஒரு வீட்டில் சாவு விழுந்தால் தலைக்கட்டுக்கு ஒரு ஆள் வந்து தோள் கொடுக்க வேண்டும். ஆள் இல்லாத வீடு பணம் கொடுத்தால் போதும் என்று எந்தக் காலத்திலோ ஒரு சலுகை வைத்தார்கள். இப்போது சலுகைதான் வழக்கம். ஆண்கள் ஒரகடத்துக்கும் மறைமலைநகருக்கும் விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறிவிடுகிறார்கள். லீவு போட்டால் ஆயிரம் போகும், பணம் அனுப்பினால் ஐநூறோடு முடிந்தது. யாரையும் குறை சொல்ல முடியாத கணக்கு. அமரர் ஊர்தி ஏரிக்கரை முனையோடு நின்றுவிடும். அதற்கப்புறம் சுடுகாடு வரைக்கும் வரப்புப் பாதை, தோள்தான் ஒரே வழி.

நைனா கண்ணாயிரம் நேற்று சாயங்காலம் டீ குடித்து, டம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். விளக்கேற்றிவிட்டு வந்து வசந்தா கூப்பிட்டபோது எழுந்திருக்கவில்லை. அறுபத்தாறு வயது. பட்டாளத்தில் லாரி ஓட்டி, ஹவில்தாராக ஓய்வு பெற்று வந்தவர். வந்த பிறகு ஊரில் எந்தச் சாவையும் அவர் தோள் தவறவிட்டதில்லை.

"நாலு மணி வரிக்கும் பாப்போம்" என்று கோதண்டராமன் பந்தல் காலில் சாய்ந்தார். கண்ணாயிரத்துக்குப் பங்காளி முறையில் தம்பி. சொந்தமாக ஏழு ஏக்கர், ஒரு டிராக்டர். வந்திருந்த மற்ற இருவரில் ஒருவர் எதிர்வீட்டுப் பூங்கொடியின் புருஷன், செங்கல் சூளையில் கூலி வேலை. இன்னொருவர் ஊர்க்காரரே இல்லை. கோவளத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த ஆபிரகாம், நைனாவோடு சூடானில் ஐ.நா. படைக்குத் தண்ணீர் லாரி ஓட்டியவர். இப்போது கடற்கரை ரிசார்ட் ஒன்றில் வாட்ச்மேன்.

ஆபிரகாம் போன் சிணுங்குவதைக் கேட்டுச் சிரித்தார்.

"அங்கயும் இதே கததான் கண்ணு. காசு குடுக்கற நாடு ஆள் அனுப்பாது. ஆள் அனுப்பற நாட்டுகிட்ட காசு இருக்காது. எந்த நாட்டு சிப்பாயா இருந்தாலும் தலைக்கு இவ்ளோன்னு ஒரே ரேட்டு, ஐ.நா. அந்தந்த சர்க்காருக்குத் திருப்பிக் குடுக்கணும். குடுக்கறவன் பாக்கி வெச்சா இதுவும் நின்னு பூடும். பக்கத்து கேம்ப்ல ஒரு ஏழை நாட்டுப் பசங்க. எங்களோட அதே வெயில்ல நின்னானுங்க, மாசக் கணக்கா சம்பளம் வர்ல. உங்க நைனா ஓட்டற லாரில அவனுங்களுக்கு அரிசி போவும்."

"நைனா சொன்னதேயில்ல."

"ஒரு ஆபீசரு, காசு குடுக்கற நாட்டுக்காரரு, நக்கலா கேட்டாரு. உங்க நாடு சிப்பாய வாடகிக்கு வுடுதான்னு. எங்களுக்கு மூஞ்சி செத்துப் போச்சு. உங்க நைனா நிதானமா கேட்டாரு, சோறு திங்காத சிப்பாய் உங்க நாட்ல கீறானா சார், இருந்தா அவன அனுப்புங்கன்னு."

கீர்த்தனாவுக்குச் சிரிப்பு வந்தது. அந்தக் கேள்வியின் இன்னொரு பாதியை அவள் கேட்டிருக்கிறாள். ஆறு வருடத்துக்கு முன்னால், மாரியம்மன் கோயில் ஊர்க்கூட்டத்தில்.

நைனா எழுந்து நின்று சொன்னார். "எனக்கு பென்ஷன் வருது, நா தோள் குடுக்கறேன். பூங்கொடி புருஷன் அன்னாடக் கூலிய வுட்டுட்டு வர்றான். வராத வூட்டுக் காசுல வந்தவனுக்கு அன்னிக்குக் கூலி குடுக்கணும். ஏழு ஏக்கர்காரனும் ஒண்ணு, சூளைக்காரனும் ஒண்ணு, எல்லாருக்கும் ஒரே ரேட்டு."

கூட்டம் சிரித்தது. மிலிட்டரிக்காரரு பொணத்துக்கு ரேட் போடுறாரு என்று யாரோ சொன்னார்கள். எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தவர் கோதண்டராமன். தூக்கிய தோளுக்குக் கூலி வாங்குவது அந்த ஊரில் வாய்விட்டுப் பேசக்கூடாத அசிங்கம். கீர்த்தனா தலையைக் குனிந்துகொண்டு பின்வாசல் வழியாக வீட்டுக்கு வந்துவிட்டாள். இரண்டு நாள் நைனாவிடம் பேசவில்லை. அவர் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, மறுபடி கூட்டத்தில் எழுந்திருக்கவும் இல்லை. அப்புறம் பூங்கொடி புருஷனைப் போன்றவர்கள் ஒவ்வொருவராக வருவதை நிறுத்திக்கொண்டார்கள். இன்று அவன் வந்ததே நைனாவுக்காகத்தான்.

நாலு மணி ஆயிற்று. யாரும் வரவில்லை. அண்ணன் கலையரசன் மொட்டைத் தலையோடு கொள்ளிச்சட்டியைத் தூக்கத் தயாராக நின்றான்.

"அவன் சட்டி புடிக்கணும். நாலாவது ஆளுக்கு எங்க போவறது?" என்றார் கோதண்டராமன்.

"கீர்த்தனா தூக்குவா" என்றாள் வசந்தா.

"பொம்பள தூக்கறதா? ஊர் இன்னா பேசும் அண்ணி?"

"ஊர் வந்து பேசட்டும் கொழுந்தனாரே. வந்தா, அதுல ஒருத்தர தூக்கச் சொல்லிடலாம்."

கீர்த்தனா புடவையை இழுத்துச் செருகினாள். போன் மறுபடி சிணுங்கியது. அதை அம்மாவிடம் கொடுத்துவிட்டு எழுந்தாள்.

ஏரிக்கரை முனையில் ஊர்தியிலிருந்து இறக்கினார்கள். ஆபிரகாம் தன் துண்டை நாலாக மடித்து அவள் தோளில் வைத்தார். அப்படியும் மூங்கில் எலும்பில் உட்கார்ந்தது. அவள் மற்றவர்களைவிடக் குள்ளம், அவள் மூலை சரிந்தது. சரியாமல் இருக்க, இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தபடி நடந்தாள். வரப்பில் சேறு வழுக்கியது. முன்னால் பூங்கொடி புருஷனின் பின்னங்கழுத்து வியர்த்து ஒழுகியது. வழி முழுக்க அவளுக்கு அழுகை வரவில்லை, வலிதான் தெரிந்தது. இத்தனை பேரை இந்த வலியோடுதான் நைனா தூக்கினாரா என்று தோன்றியபோது அழுகை வந்தது. துடைக்கக் கை இல்லை.

கலையரசன் கொள்ளி வைத்தான். திரும்பும் வழியில் ஆண்கள் மோட்டார் கொட்டகையில் குளித்தார்கள். கீர்த்தனா வீட்டுக் கிணற்றடியில் தலையோடு ஊற்றிக்கொண்டு வந்தபோது, தோள் கொடுத்த மூவரும் ஈர வேட்டியோடு வாசல் விளக்கைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். சாவு வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லமாட்டார்கள். பேசாமல் போய்விடுவதுதான் முறை.

"நில்லுங்க" என்றாள் வசந்தா.

மூவரும் நின்றார்கள். இந்த நேரத்தில் யாரும் யாரையும் நிறுத்துவதில்லை.

வசந்தா முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். போனில் வந்த பணத்தில் கொஞ்சத்தை எடுத்துவரச் சொல்லி மத்தியானமே கலையரசனை ஜி.எஸ்.டி. ரோட்டு ஏ.டி.எம்.முக்கு அனுப்பியிருந்தாள். எதற்கு என்று அப்போது அவனுக்கும் தெரியாது, கீர்த்தனாவுக்கும் தெரியாது.

"வராத வூட்டுக் காசு. தூக்கனவங்களுக்கு ஒரு நாள் கூலி, ஆளுக்கு எண்ணூறு. அவுரு சொன்ன மாதிரி எல்லாருக்கும் ஒரே ரேட்டு" என்று கோதண்டராமனிடம் முதலில் நீட்டினாள்.

அவர் முகம் சுருங்கிப் போனது. "அண்ணி, நா எங்கண்ணன தூக்கனேன். கூலிக்குத் தூக்கல."

"தெரியும்."

"அப்ப இத உள்ள வைங்க."

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே மனம் நொந்துதான் சொன்னார். ஆனால் அவருக்குப் பின்னால் பூங்கொடி புருஷனின் வலது கை கொஞ்சம் முன்னால் வந்திருந்ததைக் கீர்த்தனா பார்த்தாள். அந்தப் பேச்சைக் கேட்டதும் அது மெதுவாகப் பின்னால் போய் முதுகுக்குப் பின் மறைந்தது. அவன் தரையைப் பார்த்தான். எதிரே அவன் வீட்டு வாசலில் இன்னும் விளக்கு எரியவில்லை.

இதுதான் என்று அவளுக்குப் புரிந்தது. ஏழு ஏக்கர் வேண்டாம் என்றால் சூளை வேண்டும் என்று சொல்ல முடியாது. அன்றைக்குக் கூட்டம் சிரித்ததும் இந்த வெட்கத்தால்தான், அவள் பின்வாசல் வழியாக ஓடியதும் அதனால்தான். இன்றைக்கும் இந்தப் பணம் உள்ளே போனால், நைனா சொன்னது ஒரு மிலிட்டரிக்காரரின் கிறுக்கு என்று அவரோடு சேர்ந்து எரிந்து முடிந்துவிடும்.

அவள் கோதண்டராமனைத் தாண்டி அம்மாவின் முன்னால் வந்து நின்றாள். உடம்பெல்லாம் கூசியது. பெற்ற அப்பனைத் தூக்கிய தோள், இன்னும் எரிகிறது.

"எனக்குக் குடும்மா" என்றாள். "புதுப்பட்டினம் இஸ்கூல்ல என்னோட லீவெல்லாம் தீந்து போச்சு. இன்னிக்கு சம்பளம் புடிச்சிடுவாங்க."

தெருவில் யாரோ, அடிப்பாவி என்றார்கள். வசந்தா அந்தப் பக்கம் திரும்பவில்லை. எட்டு நோட்டை எண்ணி மகளின் கையில் வைத்தாள். கீர்த்தனா அதை எல்லோருக்கும் தெரியும்படி இன்னொரு முறை எண்ணினாள்.

"எனக்கும் குடும்மா. ரிசார்ட்ல ஒரு டூட்டி போச்சு" என்று ஆபிரகாம் வந்து வாங்கிக்கொண்டார்.

கோதண்டராமன் அவரைப் பார்த்தார், கீர்த்தனாவைப் பார்த்தார். கடைசியில் திரும்பி, தன் பின்னால் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றவனைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"டிராக்டர் வாடகையும் போச்சுதான் இன்னிக்கு" என்று முனகிக்கொண்டே கையை நீட்டினார்.

வசந்தா எண்ணி வைத்தாள். அவர் நகர்ந்து வழிவிட்டார்.

பூங்கொடி புருஷன் முன்னால் வந்தான். வலது கையை ஈர வேட்டியில் நன்றாகத் துடைத்துக்கொண்டான்.