கால் எட்டும் தூரம்

ஹிங்க்லி ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் டெஸ்மண்ட் ஆர்க்வெல். வேலை பார்த்த காலமெல்லாம் இடது பக்க இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் இருந்த தனிப் பிரேக்கை மிதித்தே பிழைத்தவர். ஸ்டீயரிங் எப்போதும் வேறு யாரோ ஒரு பிள்ளையின் கையில்தான் இருந்தது. ஓய்வு பெற்றதும், கதவும் கூரையும் இல்லாமல் தரையை உரசிக்கொண்டு போகிற அந்தக் காலத்துப் பந்தயக் கார் ஒன்றை வீட்டிலேயே கட்டி, வலது பக்கம் உட்கார்ந்து ஓட்ட வேண்டும் என்பது அவர் ஆசை. பப்பில் பீர் வாங்கிக்கொடுத்தவர், வாங்கிக்கொடுக்காதவர் எல்லோரிடமும் இதைச் சொல்லிவைத்திருந்தார்.

ஓய்வும் வந்தது. இடுப்பு வலி என்றார். குளிர் போகட்டும் என்றார். படம் போட்ட விலைப் புத்தகங்களைப் புரட்டிக்கொண்டே இருந்தார். காரைக் கட்டியது அவர் மனைவி ஹிலரி.

ஆடை ஆலையில் தையல் மெஷினோடு காலம் கழித்தவள் ஹிலரி. சும்மா இருக்க முடியவில்லை என்று மாலை வகுப்பில் சேர்ந்து வெல்டிங் கற்றுக்கொண்டாள். முதல் நாள் சட்டைக் கையில் பொத்தலோடு வந்து நின்றபோது டெஸ்மண்ட் வயிறு குலுங்கச் சிரித்தார். கராஜில் இரும்புச் சட்டம் எழும்பி, பழைய ஃபோர்டு ஒன்றின் இன்ஜினும் அதில் ஏறி உட்கார்ந்த பிறகு அந்தச் சிரிப்பு நின்றுபோனது. துணிக்கு மடிப்பு அடித்துப் பழகிய கை, அலுமினியத் தகட்டையும் அதே நேர்த்தியோடு மடித்தது. டெஸ்மண்டுக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. தான் வாய் வலிக்கப் பேசியதை இவள் வாயைத் திறக்காமல் செய்து முடிக்கிறாளே என்று வயிறு எரிந்தது.

ஆனாலும் ஓர் ஆறுதல் இருந்தது. யார் கட்டினால் என்ன, ஓட்டப்போவது தான்தானே! ஹிலரி கார் ஓட்டியே பல காலம் ஆயிற்று. அவள் ஓட்டினால் இவர் பக்கத்தில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை ஓங்கி ஓங்கி மிதிப்பார். அலுத்துப்போய் அவள் சாவியை இவரிடமே விட்டுவிட்டாள்.

அவள் கட்டிய காரில் இருக்கை முன்னே பின்னே நகராது. ஓட்டுகிற ஆளை உட்காரவைத்து, கால் எட்டுகிற இடம் பார்த்துப் பெடலைப் பொருத்த வேண்டும். ஒரு நாள் ஹிலரி கராஜிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“ஒரு நிமிஷம் வந்து உக்காரு டெஸ். உன் கால் எங்க வருதுன்னு பாக்கணும்.”

“பொம்மை வண்டியில உக்கார்ற வயசா எனக்கு? உன் ஆளைக் கூப்பிட்டுக்கோ, போ.”

அவர் குத்திக்காட்டிய ஆள் ட்ரெவர் பிம். கார் கிளப்பில் ஹிலரிக்குப் பழக்கமானவன், மனைவியை இழந்தவன், டெஸ்மண்டைப் போலவே ஒட்டகச்சிவிங்கி உயரம். அவரைவிடச் சின்னவன் இல்லை. இருந்தாலும் மனசுக்குள் ‘அவன்’ என்றுதான் அவர் சொல்லிக்கொள்வார். செவ்வாய்க்கிழமை தவறாமல் பேக்கன் சாண்ட்விச்சோடு வந்துவிடுவான். வாய்க்கு வாய் ஹிலரியை “கண்ணு” என்பான். அந்த ஊரில் பஸ் டிரைவர்கூட எல்லோரையும் கண்ணு என்றுதான் கூப்பிடுவார், ரொட்டிக் கடைப் பெண்ணை டெஸ்மண்டும் அப்படித்தான் கூப்பிடுவார். அதெல்லாம் வேறு, ட்ரெவரின் கண்ணு வேறு.

ஹிலரி ட்ரெவரைத்தான் கூப்பிட்டாள். சமையலறை ஜன்னல் வழியாக டெஸ்மண்ட் எல்லாவற்றையும் பார்த்தார். வெறும் சட்டத்துக்குள் காலை நீட்டி உட்கார்ந்து, இல்லாத ஸ்டீயரிங்கைத் திருப்பி, வாயாலேயே ‘டுர்ர்’ என்று வண்டி ஓட்டினான் ட்ரெவர். அவன் ஷூ நுனியில் குனிந்து சாக்பீஸால் கோடு போட்டாள் ஹிலரி. இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி சிரித்தார்கள். கையிலிருந்த தேநீரை டெஸ்மண்ட் குடிக்கவே இல்லை.

சில வாரங்கள் கழித்து, அவள் நீச்சலுக்குப் போயிருந்த மதியம், டார்ச்சை எடுத்துக்கொண்டு கராஜுக்குள் நுழைந்தார். இடுப்பு வலியை மறந்து தரையில் படுத்து, கால் வைக்கும் பொந்துக்குள் தலையை விட்டார். பெடல்கள் கிட்டத்தில் இருந்தன, ஹிலரியின் குட்டைக் காலுக்கு. அவற்றுக்கு அப்பால், தள்ளி, காலியாக நான்கு துளைகள். நெட்டையான ஒருவனுக்கு. அவள் ஓட்டாதபோது எவன் ஓட்டப்போகிறான் என்பது டெஸ்மண்டுக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. தன் காலும் அதே நீளம்தான் என்பது அவருக்குத் தோன்றவேயில்லை. பொறாமைக்குக் கண்டதெல்லாம் தெரியும், அது மட்டும் தெரியாது.

மழைநீர்க் குழாயின் ஓட்டையை அடைக்க வாங்கிய உலோகப் பசை அலமாரியில் மீதி இருந்தது. குழைத்தார், நான்கு துளைகளையும் அடைத்தார். இறுகியதும் உப்புத்தாளால் வழவழவென்று தேய்த்து, மேலே கறுப்புப் பெயிண்டும் அடித்தார். அந்தக் காரில் அவர் கைபட்ட ஒரே வேலை அதுதான். சும்மா சொல்லக்கூடாது, நல்ல வேலை. அன்று சாயங்காலம் முழுக்கச் சீட்டியடித்துக்கொண்டே இருந்தார்.

கார் அரசாங்கச் சோதனையில் தேறி, நம்பர் பிளேட்டும் வந்து சேர்ந்தது. சனிக்கிழமை காலை தெருவில் எல்லோரும் தேநீர்க் கோப்பையோடு வாசலுக்கு வந்துவிட்டார்கள். ட்ரெவர் தன்னுடைய பச்சைக் காரில் வந்து இறங்கினான். ஹிலரி சாவியை அவனிடம் கொடுப்பாள் என்று டெஸ்மண்ட் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். அவள் இவரிடம் நீட்டினாள்.

“நீதான் முதல்ல ஓட்டணும், டெஸ்.”

டெஸ்மண்ட் சாவியை வாங்கிக்கொண்டார். ஏறி உட்கார்ந்தார். முழங்கால் இரண்டும் ஸ்டீயரிங்கில் முட்டிக்கொண்டன.

“அப்படித்தான் இருக்கும், இரு. நாலு போல்ட்டுதான். பெடலைத் தள்ளி மாட்டிடறேன். உனக்குன்னு தனியாத் துளை போட்டு வெச்சிருக்கேன்,” என்று ஸ்பேனரோடு அவர் காலடியில் குனிந்தாள்.

சொல்லிவிடலாமா என்று டெஸ்மண்ட் வாயைத் திறந்தார், மூடினார். உள்ளே அவள் விரலால் தட்டிப் பார்ப்பது கேட்டது.

“அடைச்சிருக்கு,” என்று தலையை வெளியே எடுத்தாள்.

“நான் இல்ல கண்ணு,” என்றான் ட்ரெவர்.

“நீ இல்லன்னு தெரியுது. உனக்கு இவ்வளவு வழவழப்பாத் தேய்க்க வராது.” அவள் டெஸ்மண்டைப் பார்த்தாள். “யாருக்குன்னு நினைச்ச?”

டெஸ்மண்டின் கண் அவரை மீறி ட்ரெவர் பக்கம் போய்த் திரும்பியது. அது அவளுக்குப் போதுமாக இருந்தது. மெதுவாகத்தான் பேசினாள்.

“நீ உக்கார மாட்டேன்னுட்ட. உன் உயரத்துல இருந்த ஆளை உக்கார வெச்சேன். அப்பவும் நம்பாம உன் பேன்ட்டைக் கொண்டுவந்து அளந்து பாத்துட்டுதான் துளை போட்டேன். கல்யாணமானதுலேர்ந்து உன் பேன்ட்டுக்கு மடிப்பு அடிக்கிறவ நான். உன் கால் நீளம் எனக்குத் தெரியாதா?”

பசையைத் துளைபோட்டு எடுத்துவிடலாம், ஆனால் இன்றைக்கு நடக்காது என்றாள். தெருவே பார்த்துக்கொண்டிருக்க, ஸ்டீயரிங்குக்கு அடியிலிருந்து ஒவ்வொரு காலாக உருவிக்கொண்டு டெஸ்மண்ட் எழுந்தார். சுற்றிக்கொண்டு போய் இடது பக்கம் உட்கார்ந்தார்.

ஹிலரி வண்டியை எடுத்தாள். கியர் மாற்றியதில் தப்புக் கண்டுபிடிக்கப் பார்த்தார், கிடைக்கவில்லை. ஊர்க்கோடி வளைவில் எதிரே ஒரு லாரி வந்தது. அவருடைய வலது கால் தன்னால் முன்னே போய்த் தரைத் தகட்டை ஓங்கி மிதித்தது.

“காலை எடு டெஸ்,” என்றாள் ஹிலரி, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். “அந்தப் பக்கம் நான் பிரேக் வெக்கல.”